தலைகீழ் மலையில் நாற்பது நிமிஷம்

ஏலாக்குறிச்சி ஆரோக்கிய பிரபு கிர்கிஸ்தானுக்குப் போகப் போகிறான் என்ற செய்தி பரவியதும் ஊரில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, எத்தனை வருஷக் கோர்ஸ் என்பதுதான். அந்த நாட்டுக்கு நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் டாக்டருக்குப் படிக்கப் போவார்கள். வேறு எதற்காகவும் அங்கே ஒரு நாடு இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

பிரபு போவது தொண்டு செய்ய. நாற்பது குடும்பம் உள்ள ஒரு மலைக் கிராமம். ஒரு வருஷம் தங்கிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டும், ஆப்பிள் கன்று நட வேண்டும். சாப்பாடும் படுக்கையும் அவர்கள் பொறுப்பு, சம்பளம் கிடையாது. அவன் அம்மா லீலா மேரி டீச்சர் வந்த மெயிலில் அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தாள்.

"சம்பளம் இல்லாம இருக்கத்தான் டிகிரி முடிச்சு ரெண்டு வருஷமா இங்க பழகிட்டியேடா. அதுக்கு எதுக்கு பாஸ்போர்ட்டு?"

பிரபுவுக்குப் பதில் தெரிந்திருந்தது, ஆனால் சொல்லக் கூச்சமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த பூமி முழுக்கத் தட்டையாகத்தான் கிடந்தது. மேல்நோக்கிப் போகிற பூமியை ஒரு தடவையாவது காலால் மிதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆசையை நண்பன் தமிழழகன் கட்டாயமாக்கிவிட்டான். பஸ் ஸ்டாப்பில் பன்னிரண்டடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்தான். ஃப்ளெக்ஸ் கடையில் கிர்கிஸ்தானுக்கு என்றே ஒரு மாடல் தயாராக இருந்ததாம். பேரையும் முகத்தையும் மட்டும் மாற்றினால் போதும். ஆகவே பிரபு வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். இனி அவன் போகாமலிருந்தால், சாகும்வரை இந்த ஊர் அவனை "என்ன டாக்டரே" என்றுதான் கூப்பிடும்.

ஒரே ஒரு நிபந்தனை பாக்கி இருந்தது. முந்தின வருஷம் போன ஆள் இரண்டாம் நாளே மூச்சுத் திணறி விழுந்துவிட்டாராம். அதனால் தொடர்ந்து நான்கு ஞாயிறு, பகல் பதினொரு மணிக்கு, முதுகில் பதினைந்து கிலோவோடு நாற்பது நிமிஷம் நிற்காமல் மலை ஏற வேண்டும். அந்த ஊர்க் கமிட்டியின் செயலாளர் ஐகுல் அம்மையார் அதை வீடியோ காலில் பார்ப்பார்.

பாடாலூர்ப் பக்கம் ஒரு குன்று இருக்கிறது. கால் மணி நேரத்தில் உச்சி வந்துவிடும், மிச்ச இருபத்தைந்து நிமிஷத்துக்கு மலை இல்லை. பச்சைமலை இருக்கிறதே என்பீர்கள். ஞாயிற்றுப் பூசை முடிந்து கிளம்பினால் பதினொரு மணிக்குப் பச்சைமலை போய்ச் சேர முடியாது. பூசையை விடுவதற்கு லீலா மேரி சம்மதிக்கவில்லை.

"கீழேருந்து மேல வந்தா ஏத்தம். அவ்வளவுதானே?" என்றான் தமிழழகன். "நம்ம ஊர்ல மலை இல்லதான். பள்ளம் இருக்குல்ல."

அரியலூர்ப் பக்கம் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட சுரங்கம் ஒன்றைப் பிடித்தார்கள். லாரி இறங்கிய பாதை சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி அடிமட்டம்வரை போனது. வீடியோ கால் வருவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும், பிறகு ஏற வேண்டும். மேலே விளிம்பு படத்தில் விழாதபடி தமிழழகன் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். சுமைக்குப் பதினைந்து கிலோ மக்காச்சோளம். சுண்ணாம்புத் தூளில் செருப்பு வழுக்கியதால் பிரபு வெறுங்காலோடு ஏறினான். பாதி தூரத்தில் தலையிலிருந்து கால்வரை வெளுத்துவிட்டான்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள் சிந்தாமணி. கழுத்தில் சிலுவையோடு, ஞாயிற்றுக்கிழமை வெயிலில், செருப்பில்லாமல், மூட்டை சுமந்து ஒரு பையன் ஏறுவதைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"என்ன தம்பி வேண்டுதலு?"

பிரபுவுக்கு மூச்சு வாங்கியது. மேலே போய்ச் சொல்கிறேன் என்று ஒரு கையை மட்டும் மேலே காட்டினான். சிந்தாமணி வானத்தைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவளும் தலையில் சோள மூட்டையோடு பின்னால் ஏறினாள். அவள் காட்டில் வெறும் புழுதியாகவே கக்கிக்கொண்டிருந்த போர்வெல், அந்தப் புதன்கிழமை தண்ணீர் கக்கியது.

மூன்றாவது ஞாயிறு பத்தொன்பது பேர். நான்காவது ஞாயிறு வரதராஜன்பேட்டையிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். சிந்தாமணி மாரியம்மனைக் கும்பிடுகிறவள், வேனில் வந்தவர்கள் மாதாவை. சுரங்கத்துக்கு அந்தப் பேதமெல்லாம் தெரியவில்லை. அதற்குள் சட்டதிட்டம் வந்துவிட்டது. செருப்பு கூடாது. பேசக் கூடாது. யாராவது கேட்டால் கையை மேலே காட்ட வேண்டும். ஒருவர் பருத்தி மூட்டை கொண்டு வந்தார். எடை சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்வைக்கு ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிரபு நான்கு ஞாயிறும் நிற்காமல் ஏறி முடித்தான். திங்கட்கிழமை ஐகுல் அம்மையாரிடமிருந்து மெயில் வந்தது.

நாங்கள் கமிட்டியாக உட்கார்ந்து பார்த்தோம், பலர் அழுதுவிட்டோம் என்று எழுதியிருந்தார். இவ்வளவு செங்குத்தான ஊரில், பனியில் வெறுங்காலோடு, கிழவிகள்கூடத் தானியத்தைச் சுமந்து வாய் திறக்காமல் ஏறுகிறார்கள். எங்களுக்காவது கழுதை இருக்கிறது. இப்படிப்பட்ட மக்களிடமிருந்து ஒரு பிள்ளையை நாங்கள் பிடுங்கிக்கொள்வது பாவம். ஆகவே உங்களை அழைப்பதில்லை என்றும், எங்களிடமிருந்து ஒரு தொண்டரை உங்களுக்கு அனுப்புவது என்றும் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

பிரபு அந்த மெயிலை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரன் என்று கழித்துவிடுவார்கள். சொல்லாததால் மலைவாசி என்று கழித்துவிட்டார்கள். கடைசியில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, எங்கள் ஊரில் மலையே இல்லை, அது ஒரு குழி, பனி அல்ல சுண்ணாம்பு, எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று எழுதினான். மறுநாளே பதில் வந்தது. கஷ்டத்தை வெளியே சொல்லாததுதான் மலைமக்களின் குணம், நாங்களும் அப்படித்தான் என்று இருந்தது.

அடுத்த மாதம் அரியலூர் ரயிலடியில் பெக்தூர் வந்து இறங்கினான். பிரபு வயதுதான். பனி பூட்ஸ், கயிற்றுச் சுருள், ஈரத்துணியில் சுற்றிய ஆப்பிள் கன்றுகள். நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, மலை எங்கே என்று கேட்டான். பிரபு வண்டியில் ஏற்றி நேராகச் சுரங்கத்துக்குக் கொண்டுபோய் விளிம்பில் நிறுத்தினான்.

"இதுதான். தலைகீழா இருக்கு."

பெக்தூர் ரொம்ப நேரம் கீழே பார்த்தான். திரும்பிப் போகிறாயா என்று பிரபு கேட்டதற்கு, வழியனுப்ப ஊரே கூடி ஆடு வெட்டியது, இப்போது போனால் சாகும்வரை சிரிப்பார்கள் என்றான். இந்த ஒரு வாக்கியத்தில் பிரபுவுக்கு அவன் நெடுநாள் பழகியவன்போல் ஆகிவிட்டான். பெக்தூர் பூட்ஸைக் கழற்றினான். அந்த ஞாயிறு முப்பது கிலோ சோளத்தோடு அவன்தான் முன்னால் ஏறினான், மூச்சே வாங்காமல். சிந்தாமணிக்கு அதில் திருப்தியில்லை. "கஷ்டப்படாம ஏறுனா வேண்டுதல் எப்படிப்பா பலிக்கும்?" என்று பிரபுவிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

பிரபுவைக் கிளப்பிவிட்டது அந்த ஃப்ளெக்ஸ்தான். நான்கு மாதமாகியும் தமிழழகன் அதைக் கழற்றியிருக்கவில்லை. பெக்தூர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினான். எழுத்து அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது. ஸ்டெதாஸ்கோப் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கே ஐகுல் அம்மையார் போன் செய்தார். டாக்டர் என்று ஏன் முதலிலேயே சொல்லவில்லை, எங்கள் ஊருக்கு டாக்டர் வந்து பதினொரு வருஷம் ஆகிறது என்றார். பிரபு இந்த முறை யோசிக்கவே இல்லை.

"மேடம், நான் டாக்டர் இல்ல. பி.எஸ்சி. கணக்கு. அதுலயும் ஒரு அரியர் இருந்துச்சு."

 இந்தத் தன்னடக்கத்தை நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம் என்றார். டிக்கெட் மறுவாரம் வந்தது. லீலா மேரி பேகில் ஊறுகாயோடு இரண்டு அட்டை காய்ச்சல் மாத்திரையும் வைத்தாள்.

ஜீப் மலையின் பாதியிலேயே நின்றுவிட்டது. மிச்சத்தைப் பிரபு நடந்து ஏறினான். நாற்பது நிமிஷம் ஆனதும், பழக்க தோஷத்தில், தரை வந்துவிடும் என்று கால் நின்று பார்த்தது. தரை வரவில்லை. மலை இன்னும் மேலே போய்க்கொண்டேயிருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் மூச்சு இல்லை.

பாதையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்து, தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி என்னவோ கேட்டாள். நான் டாக்டர் இல்லை என்பதற்கு அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். ஒன்றுகூட வாயில் வரவில்லை. மேலே போய்ச் சொல்கிறேன் என்று கையை மேலே காட்டினான்.

அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு அவனுடைய பேகை வாங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டு, பேசாமல், பின்னால் ஏற ஆரம்பித்தாள்.