மலர்விழி டீச்சரின் படம்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் டாக்டர் அனிஷா தோல் சிகிச்சை கிளினிக் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் படையும் சொறியும்தான் வந்தன. லேசர் மெஷின் வாங்கிப் போட்ட பிறகு கல்யாணப் பெண்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நத்தத்திலும் ஒட்டன்சத்திரத்திலும் மண்டபம் பிடித்து முகாம் நடத்தினாள். இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கினாள். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று இரண்டு படங்களை அருகருகே போட்டால் மறுநாளே போன் வந்தது.

அப்படிப் போட்டதில் பதினோராவது ஆள் மலர்விழி.

மலர்விழி கன்னிவாடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது முப்பத்து நான்கு. ஹார்மோன் கோளாறால் முகவாயிலும் தாடை ஓரத்திலும் கறுகறுவென்று முடி வளர்ந்தது. பதினைந்து வருடமாகத் தினமும் விடிவதற்கு முன் குளியலறையைப் பூட்டிக்கொண்டு சவரம் செய்து வந்தவள்.

"எங்க அம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும் டாக்டர்" என்றாள் முதல் நாள், வாயருகே பிடித்த முந்தானையை இறக்காமலே.

முடியின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும், நான்கு நாள் சவரம் செய்யாமல் வாருங்கள் என்று அனிஷா சொன்னாள். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, மாஸ்க் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள் மலர்விழி. மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி அன்றைக்கு எடுத்த படம் அது.

ஐந்து முறை லேசர் பார்த்ததில் தாடை வழவழப்பாகிவிட்டது. இவ்வளவு நல்ல பலன் அனிஷாவுக்கு அதுவரை யாரிடமும் கிடைத்ததில்லை. கண்களின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டிப் படத்தைத் தயார் செய்தபோது, வரவேற்பில் இருக்கும் சைதூன் எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா டாக்டர்?"

"ஃபார்ம்ல கையெழுத்து இருக்குல்ல சைதூன்."

கேட்டால் மாட்டேன் என்பாள். அது அனிஷாவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

அன்றே பக்கத்தில் போட்ட அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பழனியிலிருந்துகூட விசாரித்தார்கள். எட்டாம் நாள் மதியம், காத்திருப்போர் நான்கு பேர் உட்கார்ந்திருந்த நேரத்தில், மலர்விழி படியேறி வந்தாள். கையில் போன் இருந்தது.

"டாக்டர், இது நான்தானே?"

அனிஷா அவளை அவசரமாக உள்ளே அழைத்துப்போனாள். "கண்ணை மறைச்சிருக்கேன் டீச்சர். யாருக்கும் அடையாளம் தெரியாது."

"கழுத்து மச்சம் தெரியுதுல்ல? எட்டாப்புல ஒரு பிள்ளையோட அக்கா பாத்திருக்கு. இன்னிக்குக் காலைல நான் போறப்ப போர்டு பூராம் மீசை வரைஞ்சு வச்சிருக்குதுக. ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரும் எம் மூஞ்சியப் பாத்துப் பேசல."

அந்த இடத்தில் அனிஷா மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து, இரண்டு பக்க ஆங்கிலப் படிவத்தை மேஜையில் விரித்து, ஒரு பத்தியின் மேல் விரலை வைத்தாள். "படத்தைப் பயன்படுத்தலாம்னு இதுல இருக்கு. கீழ உங்க கையெழுத்து."

மலர்விழி தன் கையெழுத்தைப் பார்த்தாள். "இதுல என்ன போட்டிருக்குன்னு கேட்டேன். சும்மா ஃபார்மாலிட்டி, லேசருக்குச் சம்மதம்னு போடுறதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அனிஷா அப்படித்தான் சொல்லியிருந்தாள். மலர்விழி இறங்கிப் போனாள். அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. வெளியே இருந்த நான்கு பேரும் கேட்டிருந்தார்கள். சைதூன் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

அனிஷா உடனே படத்தை நீக்கினாள். ஆனால் அது ஏற்கெனவே எத்தனையோ போன்களுக்குப் போயிருந்தது. பிறகு அந்தப் படிவத்தை முதல் தடவையாக முழுதாகப் படித்தாள். சென்னையில் ஏதோ கிளினிக்கின் படிவத்தை இறக்கிப் பெயர் மாற்றியது அது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் அந்தக் கிளினிக்கின் பெயர் அப்படியே இருந்தது. இத்தனை பேரிடம் இதில்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறாள்.

சனிக்கிழமை கன்னிவாடிக்குப் போனாள். கதவைத் திறந்தது மலர்விழியின் அம்மா.

"நம்ம திண்டுக்கல் டாக்டர்மா" என்றாள் உள்ளேயிருந்து வந்த மலர்விழி. அம்மாவுக்குப் படத்தைப் பற்றி எதுவும் தெரியாது என்பது அவள் பார்வையிலேயே புரிந்தது.

அம்மா அனிஷாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எம் மக அம்புட்டு வருசம் பட்ட பாட்டுக்கு நீங்கதான் தாயி விடிவு காட்டுனீங்க. செத்த நேரம் உக்காருங்க, காப்பி போடுறேன்."

மலர்விழி எதிரே அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சொல்ல வந்ததை அங்கே சொல்ல முடியாது. அனிஷா காப்பியைக் குடித்தாள். இன்னும் கொஞ்சம் குடிக்கச் சொல்லி அம்மா ஊற்றினாள். அதையும் குடித்தாள்.

கார் வரை மலர்விழி கூட வந்தாள்.

"நான் செஞ்சது தப்பு. படிவத்தைக் காட்டுனது அதைவிடப் பெரிய தப்பு" என்றாள் அனிஷா. "மன்னிச்சிருங்க டீச்சர். பள்ளிக்கூடம் போறீங்களா?"

"மறுநாளே போனேன். எனக்கு முடி வளருது, வைத்தியம் பாக்குறேன்னு கிளாஸ்லயே சொன்னேன். அப்புறம் பின்னக் கணக்கு நடத்துனேன்." மலர்விழியின் குரல் அதுவரை சாதாரணமாக இருந்தது. "பதினஞ்சு வருசமா யாருக்கும் சொல்லல. என்னைக்காவது சொன்னா நானா சொல்லணும்னு இருந்தேன். அதைக்கூட எனக்குன்னு விட்டு வைக்கல நீங்க."

வாசலில் அம்மா நிற்கிறாளா என்று மலர்விழி திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"மத்தவங்ககிட்டயும் இப்பிடித்தான் வாங்குனீங்களா?"

"ஆமா."

"அவுங்களுக்காச்சும் சொல்லிருங்க. மிச்ச வைத்தியத்த நான் மதுரைல பாத்துக்கிறேன்."

திங்கட்கிழமை அனிஷா பத்துப் பேரையும் கூப்பிட்டாள். நான் பேசட்டுமா என்று சைதூன் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். மூன்று பேர், இருந்தால் இருக்கட்டும் என்றார்கள். ஐந்து பேர் எடுத்துவிடச் சொன்னார்கள், அதில் ஒருவர் திட்டினார். நத்தத்தில் புதிதாகக் கல்யாணமான பெண், மாமியார் வீட்டில் பார்த்திருப்பார்களோ என்று போனிலேயே அழுதாள். ஒரு எண் உபயோகத்தில் இல்லை. இருக்கட்டும் என்றவர்களுடையதையும் சேர்த்து எல்லாப் படங்களையும் எடுத்துவிட்டாள். போன்கள் குறைந்தன. ஒரு மாதம் முகாமும் நடத்தவில்லை. தமிழில் ஒரு பக்கப் படிவம் எழுதி, ஒவ்வொருவருக்கும் தானே படித்துக் காட்டினாள். படம் பற்றிய கேள்வி வந்ததும் அநேகமாக எல்லோரும் வேண்டாம் என்றார்கள்.

ஜூன் மாதம் ஒருநாள் சாயங்காலம் பேருந்து நிலையத்தில் மலர்விழியைப் பார்த்தாள். கூட ஒரு டீச்சர். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டே கன்னிவாடி பஸ்ஸை நோக்கி நடந்தார்கள். மலர்விழியும் இவளைப் பார்த்தாள். சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் பார்வை நகர்ந்துவிட்டது.

முடி திரும்ப வளரவில்லை, நல்ல பலன்தான் என்று மனம் கணித்துக்கொண்டிருந்தது. தன் கண் முதலில் போனது அவள் தாடைக்குத்தான் என்று உணர்ந்ததும் அனிஷா சட்டென்று குனிந்துகொண்டாள்.