பியூட்டி ஃபுல்லாக வைத்த முகம்

நான் அப்படியே இருக்கிறேனாம். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் அன்சர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைசியாக லீவில் வந்து நாலு வருஷம் ஆகிறது. அங்கே வாட்ஸப்பில் வீடியோ கால் வராது என்பதால், வெள்ளிக்கிழமை தவறாமல் ஆளுக்கொரு படம் அனுப்பிக்கொள்வோம். உடனே, "அப்டியே இருக்க மாஹிரா" என்று வரும். முதலில் உச்சி குளிர்ந்தது. இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அப்படியே இருக்கிறவளுக்காக எவன் அவசரமாக ஊர் திரும்புவான்? இந்த மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா என்று கேட்டிருந்தார். உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். வந்துவிடுங்கள் என்று கெஞ்ச ரோஷம் விடவில்லை.

பெருநாள் மறுநாள் கச்சிராயபாளையம் போய், கோமுகி அணைக்கரையில் நின்று படம் எடுத்தேன். மலை பளிச்சென்று விழுந்தது, என் முகம்தான் அடுப்புக்கரி. கூட வந்த நாத்தனார் ஷிரின் தலையில் அடித்துக்கொண்டாள். சூரியனுக்கு முதுகு காட்டினால் அப்படித்தானாம். என்னைத் திருப்பி நிறுத்தினாள். திரையில் முகத்தைத் தொட்டால் குட்டிச் சூரியன் வரும், அதை மேலே தள்ளினால் வெளிச்சம் ஜாஸ்தி, கீழே இழுத்தால் கம்மி என்று காட்டினாள். அப்புறம் எதையோ பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னா அண்ணி, பியூட்டிய ஃபுல்லா வச்சிக்கினு எடுக்கறீங்க?"

அது பொம்பளைகளுக்கான பட்டன் இல்லையா என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது கோடு, சுருக்கம் எல்லாம் மறைத்து முகத்தை மெழுகிவிடுமாம். பூஜ்யத்துக்கு இழுத்து ஒரு படம் எடுத்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றியில் சுருக்கம், வாயோரம் கோடு. கண்ணாடியில் நான் தினம் பார்க்கிற முகம்தான். அவர்தான் பார்த்ததில்லை.

அண்ணன் பயந்துவிடும், அனுப்ப வேண்டாம் என்றாள் ஷிரின். பயப்படட்டும் என்று, 'இத்தினி நாளா பியூட்டிய ஃபுல்லா வச்சி எடுத்துட்டேன், இதான் நான்' என்று எழுதி அனுப்பினேன்.

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் இல்லை. அவசரப்பட்டுவிட்டோமோ என்று போனைத் திறந்து திறந்து பார்த்தேன். ஊர் நெருங்கும்போது ஒரு படம் வந்தது. ஒட்டிய கன்னம், முகமெல்லாம் சுருக்கம். அவர் வாப்பா படத்தை எதற்கு அனுப்புகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அந்தக் கண்களைப் பார்த்தேன்.

போன் அடித்தது.

"நானும் அத ஃபுல்லாதான் வச்சிருந்தேன்," என்றார்.

ரோஷம் எங்கே போனதோ தெரியவில்லை. பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க அழுதேன். "போட்டோவுலயே பாத்துக்கினு கெழமாயிடுவோம்போல. கையெழுத்து கிய்யெழுத்து ஒண்ணும் வேணாம். வூட்டுக்கு வந்துடுங்க."



"நேத்துதான் போட்டேன் மாஹிரா. ரெண்டு வருஷந்தான, நீ அப்டியேதான இருப்பன்னு போட்டுட்டேன்."