பக்கத்து இருக்கையில் பிரேக் இல்லை

ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மீதிப் பேர் அவர் கத்துவதைக் கேட்டுவிட்டு வேறு டிரைவிங் பள்ளிக்குப் போனவர்கள். பள்ளியின் பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் அவர் பிரேக் மாஸ்டர்தான். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. அதன் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. ஓட்டுகிறவர் பக்கத்து ரப்பர் இன்னும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. அவர் சொல்லிக்கொடுத்த பாடம் மொத்தமும் ஒரே வரிதான்: சந்தேகம் வந்தால் பிரேக். நாய் குறுக்கே வந்தால் பிரேக், பந்து உருண்டு வந்தால் பிரேக், மனசுக்கு என்னமோ போல் இருந்தால் அதற்கும் பிரேக். ஊருக்குள்ளே சின்னக் காரில் அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருடைய முதல் மாணவி அவர் மனைவி. பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். எப்பேர்ப்பட்ட முரடனும் அவள் "ஆ காட்டுங்க" என்றால் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். அப்படிப்பட்டவள் காரில் ஏறினால் மட்டும் மாஸ்டரின் குரலுக்குக் கட்டுப்பட்டவள். அவர் "பிரேக்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கால் அழுத்தியிருக்கும். மாஸ்டருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அவளுடைய அண்ணன் குடும்பத்தோடு வெளிநாடு போனபோது தன் ஸ்போர்ட்ஸ் காரைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. பழைய வண்டி என்பதால், சறுக்கினால் தானாகவே சமாளித்துக்கொள்ளும் புதுக் கருவி எதுவும் அதில் கிடையாது. மாஸ்டர் இதுவரை ஓட்டியதெல்லாம் முன்சக்கரம் இழுத்துக்கொண்டு போகிற வண்டிகள். இது பின்சக்கரம் தள்ளிக்கொண்டு போகிற வண்டி. இழுத்தால் என்ன, தள்ளினால் என்ன, கார் கார்தானே என்றார் மாஸ்டர். அந்த வாரம் மழை பெய்யும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழையில் அவள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கடைத்தெரு ரவுண்டானாவில் வண்டி திரும்பியது. திருப்பம் முடிவதற்குள் அவள் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டாள். வண்டியின் பின்பக்கம் லேசாக அசைந்தது. "பிரேக்!" என்று கத்தினார் மாஸ்டர். அவள் கால் போய் பிரேக்கில் விழுந்தது. அவ்வளவுதான், உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. கடைகளும் விளக்குக் கம்பமும் குடைகளும் கண்ணாடியில் வரிசையாக ஓடின. வண்டி நின்றபோது அது வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு பஸ்ஸின் முகம். பஸ் டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பஸ்ஸின் முகம் வந்து நின்றது. காரை விற்றுவிடு என்று கெஞ்சினார், மிரட்டினார், மச்சானுக்குப் போன் போட்டும் பேசினார். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலைமேல் புதிதாகத் திறந்த மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். அவள் கிளம்பவேண்டிய நேரத்தில் பஸ் கிடையாது, பயிற்சிக் கார் பள்ளிக்கு வேண்டும். மலைப்பாதை முழுக்க வளைவு. ஒருபக்கம் பாறை, இன்னொருபக்கம் முழங்கால் உயரச் சுவர், சுவருக்கு அந்தப்பக்கம் ஒன்றுமே இல்லை. ரவுண்டானாவில் சுற்றியதுபோல் அங்கே ஒரு சுற்றுச் சுற்றினால் அவள் திரும்பி வரமாட்டாள்.

சனிக்கிழமை காலை, ரோடு காய்ந்திருந்த நேரம் பார்த்து, அவள் அவரைக் கூட்டிக்கொண்டு மலையைத் தாண்டி அந்தப்பக்கம் இருந்த ஒரு பயிற்சி மைதானத்துக்குப் போனாள். பழைய விமான ஓடுதளம் அது. நடுவே குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சி, தரையை எண்ணெய் தடவியதுபோல் வழுக்க வைத்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் இளம்பெண். மாஸ்டர் தானும் வாத்தியார்தான் என்பதை முதலிலேயே தெரிவித்துவிட்டார். அவளும் மரியாதையாகத் தலையாட்டினாள்.

அவள் விளக்கியது சின்ன விஷயம்தான். வளைவில் பின்பக்கம் நழுவும்போது பிரேக் போட்டால் வண்டியின் கனமெல்லாம் முன்னால் சாய்ந்துவிடும், ஏற்கெனவே நழுவுகிற பின்சக்கரத்துக்கு இருக்கிற பிடியும் போய்விடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தாலும் அதே கதைதான். காலை மெதுவாகத் தளர்த்தவேண்டும், போகவேண்டிய இடத்தைப் பார்க்கவேண்டும், பின்பக்கம் எந்தப்பக்கம் நழுவுகிறதோ அந்தப்பக்கம் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பவேண்டும். மாஸ்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் இத்தனை வருஷம் சொன்ன ஒரே வரியை அவள் தண்ணீரில் கழுவிவிட்டாள்.

மனைவி ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈரத்தில் பின்பக்கம் நழுவியது. "பிரேக்!" வண்டி சுற்றியது. மறுபடி ஓட்டினாள். மறுபடி அவர் கத்தினார், மறுபடி சுற்றியது. கத்தக்கூடாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? பின்பக்கம் அசைந்த மறுநொடி பஸ்ஸின் முகம் வந்துவிடுகிறது, வாய் தன்னால் திறந்துகொள்கிறது. கூடவே அவர் வலதுகால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரைவிரிப்பை மிதிக்கிறது.

பயிற்சிக்காரப் பெண் அவரை இறங்கி நிற்கச் சொன்னாள். அவர் வேலியோரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி தனியாக ஓட்டினாள். பின்பக்கம் நழுவியது, அவள் கைகள் நகர்ந்தன, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நேரானது. இன்னொரு தரமும் அப்படியே. மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆகக்கூடி குழப்பமெல்லாம் தன்னால்தான். தான் கூட ஏறாமல் இருந்தாலே போதும் என்று நினைத்தார். அந்த நினைப்பு முடிவதற்குள் மூன்றாவது தரம் வண்டி முழுசாகச் சுற்றி, புல்லில் போய் நின்றது.

அவர் ஓடினார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தான் இல்லையே, நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

"நீங்க கத்துனது கேட்டுதுங்க" என்றாள் அவள். "மண்டைக்குள்ள."

அதைக் கேட்டதும் மாஸ்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அவர் மலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டுதான் இருப்பார். எந்தக் குரல் அவளைக் காப்பாற்றும் என்று நம்பிப் பழக்கினாரோ அதுவே அவளைச் சுவருக்கு அந்தப்பக்கம் தள்ளப்போகிறது. பயிற்சிக்காரப் பெண் பூட்ஸைத் தரையில் தேய்த்தபடி கொஞ்சம் யோசித்தாள்.

"சார், உங்க குரல் அவங்க காலுக்குள்ள இருக்கு. நான் சொன்னா போகாது. வண்டி நழுவுறப்ப நீங்க பக்கத்துல இருந்தும் சும்மா இருக்கணும். அதை அவங்க ஒரு தடவை பாத்தாத்தான் போகும்."

சாயங்காலம்வரை முயற்சி செய்தார்கள். மாஸ்டர் உதட்டை இறுக்கிப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், மனசுக்குள் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தார். ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவே "பிரேக்" வந்து விழுந்தது. தண்ணீர்க் குழாயை அடைக்கும்வரை ஒரு தடவையாவது அவர் வாயை மூடியிருந்தார் என்று சொல்ல முடியாது. பயிற்சிக்காரப் பெண் நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்றாள். அவள் சொன்ன விதம் மாஸ்டருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கிளம்பும்போது தூறல் ஆரம்பித்தது. வீட்டுக்குப் போக அந்த மலைப்பாதையைத் தவிர வேறு வழி கிடையாது. வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகலாம் என்று மாஸ்டர் மன்றாடினார்.

"திங்கக்கிழமை எப்படியும் இதுலதான் போகப்போறேன்" என்றாள் அவள். "அன்னிக்குத் தனியா போறதுக்கு முன்னாடி, இன்னிக்கு நீங்க இருக்கப்பவே போயிடலாம்."

அவர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

அவள் நிதானமாகத்தான் ஓட்டினாள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தாள், வளைவுக்குள் காலை அசைக்கவே இல்லை. மாஸ்டரால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. ஏற ஏற மழை வலுத்தது. பாறையிலிருந்து தண்ணீர் ரோட்டின் குறுக்கே வழிந்தது. ஒவ்வொரு வளைவிலும் முழங்கால் உயரச் சுவர் அவர் பக்கமாகவே வந்தது. சுவருக்கு மேலே மரத்தின் உச்சிகள்தான் தெரிந்தன, மரத்தின் அடி எங்கே இருக்கிறதென்று அவர் பார்க்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வளைவில் ரோடு நேராவதுபோல் காட்டி மறுபடியும் மடங்கியது. முடிந்துவிட்டது என்று நினைத்து அவள் ஆக்ஸிலேட்டரை அழுத்தத் தொடங்கியிருந்தாள். பின்பக்கம் நழுவியது. மைதானத்தில் நழுவியதுபோல் இல்லை, யாரோ பிடித்து இழுப்பதுபோல் சுவரை நோக்கிப் போனது. மாஸ்டரின் ஜன்னலில் சுவர், சுவருக்கு மேலே வெறும் மழை. அவர் வாய் திறந்தது. பஸ்ஸின் முகம் வந்தது. தொண்டைவரை அந்தச் சொல் வந்துவிட்டது. இவள் போய்விடுவாள், சொன்னால் போய்விடுவாள் என்று மட்டும் அவருக்குத் தோன்றியது. பல்லை ஓங்கி இறுக்கினார். வாய்க்குள் என்னவோ நறுக்கென்றது.

வண்டிக்குள் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கண் சுவரைப் பார்க்கவில்லை. வளைவு முடியும் இடத்திலிருந்த மைல்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால் கொஞ்சம் தளர்ந்தது, கைகள் நகர்ந்தன. பின்பக்கம் இன்னும் கொஞ்சம் போய், யோசித்து, திரும்பி வந்தது. வண்டி ஒரு குலுக்கலோடு நேரானது. மைல்கல் அவள் பக்கத்தில் கடந்துபோனது.

ரோடு அகலமான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தினாள். என்ஜினை அணைத்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் அசையாமல் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க" என்றாள். "ஏங்க, என்னைப் பாருங்க. சத்தமே காணோமே, உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சோன்னு நெனச்சேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். உதட்டோரம் ரத்தம் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியிருந்தது. அவள் ஒரு நொடி பார்த்தாள். பிறகு கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து உள்விளக்கைப் போட்டாள்.

"ஆ காட்டுங்க."

காட்டினார். அவள் அவர் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பி, நாக்கை விரலால் ஒதுக்கி, மருத்துவமனையில் யார் யாருக்கோ பார்ப்பதுபோலவே பார்த்தாள். நாக்கின் ஓரத்தில் பல் நன்றாக இறங்கியிருந்தது. தையல் தேவையில்லை என்றாள். கைப்பையிலிருந்து பஞ்சுத் துணியை எடுத்து மடித்து அவர் வாய்க்குள் வைத்து, கடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் பஞ்சோடு ஏதோ சொல்ல வந்தார். மன்னிப்பாக இருக்கலாம், காரை விற்றுவிடலாம் என்பதாகவும் இருக்கலாம். பேசக்கூடாது என்று அவள் விரலைக் காட்டினாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மலையில் இன்னும் பாதி வழி இருந்தது, மழையும் விடுகிற மாதிரி இல்லை. அவள் என்ஜினைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக ரோட்டில் ஏறினாள். அடுத்த வளைவு தெரிந்ததும் மாஸ்டரின் வலதுகால் தானாக முன்னே போய்த் தரைவிரிப்பை மிதித்தது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று, காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"காலை என்ன வேணாலும் பண்ணிக்குங்க" என்றாள் அவள், வளைவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்கதான் ஒண்ணும் இல்லையே."