ஆண்பால் இல்லாத சொல்

"அவுக போற வரைக்கும் நீ உள் ரூம்ல இரு. கதவச் சாத்திக்கோ. இருமல் வந்தாலும் தலையணைய வாயில வச்சுக்கோ."

வடை தட்டிக்கொண்டே முத்துக்கனி இதைச் சொன்னாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. மூத்தவள் சந்தனச்செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு அவள் தங்கை ஐஸ்வர்யாவைப் பார்க்க உடன்குடியிலிருந்து ஆள் வருகிறது. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் ஒரே காரணத்தால் தட்டிப்போயின. மூத்தவள் புருஷனை விட்டு வந்து வீட்டில் இருக்கிறாள். வாழாவெட்டி இருக்கிற வீடாமே என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

அப்பா தாணுலிங்கம் செய்தித்தாளுக்குள் இருந்தார். அவர் வாயைத் திறக்காததே சம்மதம்.

செல்வி மறுத்துப் பேசவில்லை. கை நீட்டி அடிக்கிறவனை விட்டு வந்தது சரி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மூன்றாவது இடமும் தன்னால் போய்விட்டால்? தங்கையின் முகத்தை எப்படிப் பார்ப்பது? நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பகலில் அவளுக்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஏஜென்சியில் சரக்குப் பட்டியல் தட்டச்சு செய்கிற வேலை. மாலையில் தமிழ் இலக்கிய வகுப்பு. பார்த்த படம், தொடர், படித்த பழைய இலக்கியம் பற்றி மனதில் பட்டதை எழுதி வாருங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செல்விக்கு அது வராது. அவள் நோட்டில் கட்டம் கிழித்தாள். எந்தப் படம் அல்லது தொடர், 'வாழாவெட்டி' என்ற சொல்லை யார் சொன்னது, யாரைச் சொன்னது, கேட்டவள் என்ன செய்தாள்.

நாற்பத்தொரு வரி சேர்ந்தது. கடைசிக் கட்டத்தில், அழுதாள், கிணற்றில் விழுந்தாள், மன்னித்தாள், திரும்பிப் போனாள். பதினேழாவது வரி அம்மா தினமும் பார்க்கிற தொடர். அதில் புருஷனை விட்டு வந்து வாசலில் நிற்கிற பெண்ணுக்காக முத்துக்கனி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். 'யாரை' என்ற கட்டத்தில் ஓர் ஆண்கூட இல்லை. பெண்டாட்டி விட்டுப்போன கதாநாயகன் தாடி வளர்த்தான், பாட்டுப் பாடினான், தியேட்டரே அவனுக்காக உச்சுக்கொட்டியது. செல்வி தன் எண்ணிக்கையை நம்பாமல் இரண்டு தொடர்களை முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். 'என் காயத்தை வைத்துக்கொண்டு பார்ப்பதால் இப்படித் தெரிகிறதோ' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தாள்.

பழைய அகப்பாட்டுகளில்தான் வேறொன்று கிடைத்தது. வாயில் மறுத்தல் என்று ஒரு துறை. வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்தவன் வாசலில் நிற்கிறான். உள்ளே வராதே என்று கதவடைக்கிறார்கள். அவனை மறுத்தவளுக்கு அங்கே யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. பல பாட்டுகளில் கதவு பிறகு திறந்துவிடுகிறது என்பதையும் அவள் மறைக்காமல் குறித்திருந்தாள்.

கார் வந்து நின்றது. மாப்பிள்ளை செந்தூர்வேலுக்குக் கப்பலில் வேலை. அடுத்த மாதம்தான் கரை இறங்குவான். அவன் தாய் இசக்கித்தாயும் அண்ணன் பாண்டியராஜும் வந்திருந்தார்கள். ஐஸ்வர்யா காப்பி கொடுத்தாள். பிடித்துப்போயிற்று என்பது இசக்கித்தாயின் குரலிலேயே தெரிந்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. மூத்தவள் எங்கே?

"அவ சிங்கப்பூர்ல இருக்கா மதினி. மாப்ளகூட."

கதவுக்குப் பின்னால் செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். ஒளித்து வைத்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அந்த மனிதனோடு பெற்றவளே தன்னை மறுபடி குடிவைத்துவிட்டாளே.

"இவன் கததான் சரியில்ல மதினி," என்றாள் இசக்கித்தாய், பாண்டியராஜைக் காட்டி. "இவன் பொண்டாட்டி பொறந்த வீட்டுக்குப் போயி ரெண்டு வருஷமாச்சு. வரமாட்டேங்கா. புள்ள கடைச் சோறு தின்னு மெலிஞ்சு போயிட்டான்."

"ஐயோ பாவம். ஏளா ஐசு, அவுகளுக்கு இன்னொரு வடை வை."

முத்துக்கனியின் இரக்கம் மெய்யாகவே இருந்தது. இன்றே தட்டு மாற்றி உறுதி செய்துவிடலாம், தங்களுடையது தகப்பன் இல்லாத வீடு, அதனால் மூத்தவன் கையால்தான் மாற்ற வேண்டும் என்றாள் இசக்கித்தாய். பாண்டியராஜ் வெற்றிலைத் தட்டை எடுத்தான். தாணுலிங்கம் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

செல்வி பழக்கத்தில் நோட்டைத் திறந்தாள். யாரை: பாண்டியராஜ். என்ன சொல்? பேனா நின்றது. வாழாவெட்டியன் என்று எழுதி அடித்தாள். வாழாவெட்டான். அதையும் அடித்தாள். நோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"வாங்க அத்தை. நான்தான் மூத்தவ, சந்தனச்செல்வி. சிங்கப்பூருக்கெல்லாம் போவல. மூணு வருஷமா இங்கனதான் இருக்கேன், அந்த ஆளு வேண்டாம்னு."

முத்துக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டாள். தாணுலிங்கம் உள்ளே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். செல்வி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

இசக்கித்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப வாழாவெட்டின்னு சொல்லு."

"சரி அத்தை. அண்ணாச்சிய என்னன்னு சொல்லணும்? அவுகளும் பிரிஞ்சுதான இருக்காவ. நானும் படத்துல, தொடர்ல, பழம்பாட்டுல எல்லாம் தேடிட்டேன். கெடைக்கல. ஒங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

பாண்டியராஜின் கையில் தட்டு அப்படியே நின்றது.

"ஏளா, அவன் ஆம்பள."

"அது பிரிஞ்சு இருக்கதுக்குப் பேரு இல்லயே."

இசக்கித்தாய் எழுந்து மகனையும் எழச் சொன்னாள். அப்போது வடைத் தட்டோடு நின்ற ஐஸ்வர்யா வாயைத் திறந்தாள். அதை அந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை, செல்வியும்தான்.

"அண்ணாச்சி, தட்ட எங்கக்கா கையில குடுங்க. சந்தோசமா வாங்கிக்கிடுதோம். முடியாதுன்னா கொண்டுபோயிருங்க."

பாண்டியராஜ் தாயைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். இசக்கித்தாய் தட்டைப் பிடுங்கிக்கொண்டு வாசல் இறங்கினாள். கார் புறப்படுகிற சத்தம் கேட்டதும் முத்துக்கனி தலையில் அடித்துக்கொண்டு சின்ன மகள்மேல் பாய்ந்தாள்.

"நல்லா இருந்த குடிய ரெண்டு பேரும் கெடுத்தாச்சு. நீயும் அவள மாதிரியே வாழாவெட்டியாக் கெட."

"இன்னும் தாலியே கட்டலயே ம்மா. அதுக்குள்ளயா?"

செல்விக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாண்டியராஜ் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஐஸ்வர்யா காலை நீட்டி உட்கார்ந்து, அவனுக்கென்று எடுத்த வடையைப் பிய்த்துப் பாதியை அக்காவிடம் நீட்டினாள்.