வஞ்சிரத்துக்கு இல்லாத நாற்றம்

கிளியம்மாள் இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வலது கையில் வயிறு கிழித்த வஞ்சிரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"அங்கியே நில்லு, கிட்ட வராத. உம்மேல அடிக்கிற மீன் நாத்தம் தாங்கல."

சுகப்பிரியா அங்கேயே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு லீவு. அப்போதுதான் சந்தன சோப்பைத் தேயத் தேயப் போட்டுக் குளித்துவிட்டு வந்திருந்தாள். கிளியம்மாளின் காலடியிலோ செவுளும் குடலும் குவிந்து கிடந்தன. சுவர்மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. மீன் யாரிடம் இருக்கிறது என்பதில் அதற்கு எந்தக் குழப்பமும் இல்லை. அது கிளியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழம எம்பொண்ணு எழிலுக்கு வளைகாப்பு. பிரசவம் வரைக்கும் இங்கதான் இருக்கப்போறா. இன்னும் மசக்கை வுடல அவளுக்கு, எத மோந்தாலும் கொமட்டுது. அதுக்குள்ள நீ வேற ரூம் பாத்துக்கோ."

"ரெண்டு பேருமாக்கா?"

"செல்வலட்சுமி இருக்கட்டும். அது இன்னா பண்ணிச்சு பாவம். போன் கம்பெனிப் பொண்ணு, வாசமா கீது."

சுகப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகையை அடக்க அல்ல, சிரிப்பை அடக்க. ஏனென்றால் போன் கம்பெனியில் வேலை பார்ப்பது அவள்தான். மீன் கம்பெனிக்காரி செல்வலட்சுமி.

இந்தக் குளறுபடி பிள்ளைப்பாக்கத்தில் இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்த அன்றே நடந்தது. புரோக்கர் எல்லப்பன், "தெக்கத்திப் பொண்ணுங்கக்கா. ஒண்ணு போன் கம்பெனி, ஒண்ணு மீன் கம்பெனி" என்று சொல்லிவிட்டு, எது எது என்று காட்டாமலே பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். கிளியம்மாளும் அதைக் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"ஊர்ல எந்தப் பக்கம் உங்க வூடு?"

"மேலத்தெரு" என்றாள் செல்வலட்சுமி.

"காலனி" என்றாள் சுகப்பிரியா.

அவ்வளவுதான். கிளியம்மாளுக்கு அதற்குமேல் விசாரிக்க எதுவும் இருக்கவில்லை. போனைச் செல்வலட்சுமி கையிலும் மீனைச் சுகப்பிரியா தலையிலும் அவளே வைத்துவிட்டாள். வைத்த கையோடு வீட்டில் இருந்த இரண்டு பாத்ரூமையும் பங்கு பிரித்தாள். உள்ளே டைல்ஸ் போட்டு ஹீட்டர் வைத்தது செல்வலட்சுமிக்கு. கொல்லையில் தகரக் கதவு போட்டது சுகப்பிரியாவுக்கு. "மீன் நாத்தம் உள்ள வரக்கூடாது பாரு, அதான்" என்று காரணத்தையும் தாராளமாகச் சேர்த்துக் கொடுத்தாள்.

செல்வலட்சுமி திருத்த வாயெடுத்தாள். சுகப்பிரியா அவள் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"சும்மா இருட்டி" என்றாள், ரூமுக்குள் போனதும். "சுடுதண்ணி யாருக்கு வேணும்? உனக்குத்தான். தப்பா யோசிச்சாலும் சரியான ஆளுக்குத்தான் குடுத்திருக்கா."

அது உண்மை. ஒரகடம் தாண்டி இருக்கும் அந்த மீன் கம்பெனியில் டனல் என்று ஒரு மிஷின். ஒரு முனையில் இறாலையும் கணவாய் வளையங்களையும் ஒட்டாமல் ஒவ்வொன்றாக ஸ்டீல் பெல்ட்டில் பரப்புவார்கள். பெல்ட் ஊர்ந்து டனலுக்குள் போகும். உள்ளே மைனஸ் நாற்பதில் புயல் மாதிரி காற்று. கொழகொழவென்று போன இறால் மறுமுனையில் கூழாங்கல் மாதிரி கடகடவென்று வந்து விழும். அந்த மறுமுனையில்தான் செல்வலட்சுமி நின்றாள். ஒன்றோடொன்று ஒட்டி உறைந்தவற்றைப் பிரித்துப் போடுவது அவள் வேலை. ஸ்வெட்டர் மேல் கோட்டு, கிளவுஸ் மேல் கிளவுஸ். அப்படியும் ஷிப்ட் முடிந்தால் சுரிதார் ஊக்கைக் கழற்ற விரல் மடங்காது. சுகப்பிரியாதான் கழற்றிவிடுவாள்.

உறைந்த இறாலுக்கு வாசம் கிடையாது. குளோரின் தண்ணீரில் கை கழுவிக் கழுவிச் செல்வலட்சுமிக்கும் கிடையாது. சுகப்பிரியாவின் கதை இன்னும் வேடிக்கை. போன் கம்பெனியில் லைனுக்குள் போகுமுன் ஒரு சின்ன அறைக்குள் நிற்கவைத்து, நாலு பக்கமும் காற்றடித்து, ஒரு தூசி இல்லை என்று தெரிந்த பிறகுதான் கதவைத் திறப்பார்கள். அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்துவிட்டு வந்தவளைத்தான் கிளியம்மாள் சந்து வழியாகக் கொல்லைக்குப் போகச் சொல்வாள்.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. ஒருநாள் செல்வலட்சுமியின் ஸ்வெட்டரில் நீளமாக ஒரு இறால் மீசை ஒட்டிக்கொண்டு வந்தது. "இன்னாடி இது, நூலு" என்று கிளியம்மாளே அதை எடுத்துப் போட்டுவிட்டு, அதே விரலால் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். இரண்டு பேரும் ரூமுக்குள் வந்து தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தார்கள்.

ஆனால் மழைக்காலம் வந்தது. தகரக் கதவுக்குள் பச்சைத் தண்ணீர் பல்லைக் கிட்டவைத்தது. பொங்கலும் வந்தது. செல்வலட்சுமிக்குச் சில்வர் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. சுகப்பிரியாவுக்குப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வந்தது, டப்பாவைத் திருப்பித் தரவேண்டாம் என்ற உத்தரவோடு. அன்று அவர்கள் சிரிக்கவில்லை.

இப்போது இது.

"நான் போய்ச் சொல்லிருதேன்" என்றாள் செல்வலட்சுமி. "மீன்காரி நாந்தான்னு."

"வாயால சொன்னா நம்ப மாட்டா. அவ மூக்கே சொல்லட்டும்." சுகப்பிரியாவின் கண்ணில் அந்தப் பழைய குறும்பு வந்திருந்தது. "வெள்ளிக்கிழம காலைல நைட் ஷிப்ட் முடிஞ்சு நேரா வா. குளிக்காத. சேலையை மட்டும் சுத்திக்கிட்டு எழிலரசி பக்கத்துல போய் ஒட்டி உக்காரு."

"நாறுனா?"

"நாறுனா மூட்டையத் தூக்கிட்டு நானே போயிருதேன். நாறலன்னா, என்னத்துக்கு நான் காலி பண்ணணும்னு கேக்கலாம்லா."

தண்டலம் வரை அலைந்தும் வேறு ரூம் கிடைக்கவில்லை. சுகப்பிரியாவுக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பையைக் கட்டி வாசலோரம் வைத்தாள். "ஜனம் கெளம்புற வரைக்கும் கதவத் தெறக்காத" என்று கிளியம்மாள் எச்சரித்துவிட்டுப் போனாள். கதவைத்தானே சொன்னாள். சுகப்பிரியா ஹாலைப் பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

கம்பெனி வேன் இறக்கிவிட்ட செல்வலட்சுமி, ஸ்வெட்டரை உருவிப் போட்டு, பச்சைச் சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். விரல் நுனிகள் இன்னும் வெளுத்துத்தான் இருந்தன.

ஹாலில் எழிலரசி மாலையும் கழுத்துமாக வியர்த்துக்கொண்டிருந்தாள். சந்தனம் குமட்டியது. மல்லிகை குமட்டியது. நலங்கு வைக்க வந்த ஒவ்வொருத்தியையும் பார்த்து முகத்தைத் திருப்பினாள். சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அவள் பெரியம்மா பொறுமை இழந்துகொண்டிருந்தாள்.

"செல்வலட்சுமி, நீ வந்து வையிம்மா" என்றாள் கிளியம்மாள்.

செல்வலட்சுமி இரண்டு விரலால் கன்னத்தைத் தொட்டாள். எழிலரசி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

"கைய எடுக்காதக்கா. ஐஸ் மாதிரி கீது. எம்மா, இவங்க கிட்ட மட்டும்தான் எனக்குக் கொமட்டல."

கிளியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "போன் கம்பெனில கீது. எந்நேரமும் ஏசி. அதான் கையி ஜில்லுன்னு கீது" என்று சொந்தபந்தத்துக்கு விளக்கினாள். "இதுகூட இன்னொண்ணு கீது, மீன் கம்பெனி. அது வந்து நின்னிருந்தா எம்பொண்ணு இந்நேரம் வாந்தி எடுத்திருப்பா."

"யக்கா" என்றாள் செல்வலட்சுமி. கையை எழிலரசியின் நெற்றியிலிருந்து எடுக்கவில்லை. "மீன் கம்பெனி நாந்தான். ராத்திரி பூரா எறாலுக்குள்ளதான் நின்னேன். இன்னும் குளிக்கக்கூட இல்ல. போன் கம்பெனி சுகப்பிரியா. வந்த அன்னைல இருந்தே அப்படித்தான்."

ஹாலில் மூக்குகள் மெதுவாக வேலை செய்தன. பெரியம்மா ஜாக்கெட்டுத் தையலைப் பார்ப்பதுபோலக் குனிந்து செல்வலட்சுமியின் தோளை மோந்தாள். நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினாள். ஒன்றும் இல்லை.

ஜன்னலுக்குப் பின்னால் சுகப்பிரியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கிளியம்மாள் மகளின் நெற்றியில் இருந்த அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு முகம் தெளிந்தது.

"அதானே பாத்தேன்" என்றாள். "உன் மீன் நாத்தந்தான் அவமேல ஒட்டிகினு கீது. ஒரே ரூம்ல படுத்துக்கிறீங்க இல்ல? உனக்கு ஒண்ணும் பண்ணாது, உன் ஒடம்பு வாகு அப்பிடி. அவளுக்கு ஒட்டிக்கும்."

"சில ஒடம்பு அப்படித்தான்" என்று பெரியம்மா தலையாட்டினாள். இன்னும் சில தலைகளும் ஆடின.

நாறும், இல்லை நாறாது என்று இரண்டைத்தான் சுகப்பிரியா யோசித்து வைத்திருந்தாள். இப்படி ஒரு மூன்றாவது இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்பதற்காக வைத்திருந்த கேள்வி இனி உதவாது. அவள் கட்டிய பையை அவிழ்த்தாள். துண்டையும் சோப்பையும் எடுத்தாள். அடியில் கிடந்த மற்ற துணிகளையும் எடுத்து, பழையபடி கொடியில் போட்டாள். பிறகு கதவைத் திறந்து, சந்து வழியாக அல்ல, முன்வாசல் வழியாக ஹாலுக்குள் நுழைந்தாள். வளையல் தட்டுகளைத் தாண்டி நடந்தாள்.

"ஏய், எங்க போற?" என்றாள் கிளியம்மாள்.

"குளிக்கக்கா. ஒட்டிருச்சுன்னு சொன்னியள்லா."

"கொல்லைல போய்க் குளி."

"இம்புட்டு நாளா அந்தப் பச்சத்தண்ணில குளிச்சுத்தான் போகாம கிடக்கு போல. சுடுதண்ணில ஊத்திப் பாக்கேன்."

உள் பாத்ரூமின் தாழ்ப்பாள் விழுந்தது. ஹீட்டர் சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்டது. கிளியம்மாள் செல்வலட்சுமியைப் பார்த்தாள். செல்வலட்சுமி எழிலரசியின் கைக்கு நிதானமாக வளையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

சுகப்பிரியா அவசரப்படவில்லை. தண்ணீர் சூடாகக் காத்திருந்தாள். பிறகு மழைக்காலம் முழுவதற்கும் சேர்த்து ஊற்றிக்கொண்டாள். வெளியே நின்ற பெரியம்மா சர்க்கரை வியாதிக்காரி, அடிக்கடி பாத்ரூம் போகவேண்டும். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று பார்த்துவிட்டுக் கிளியம்மாளின் முந்தானையை இழுத்தாள். கிளியம்மாள் கதவைத் தட்டினாள்.

"சீக்கிரம் வாடி, பெரியவங்க நிக்கிறாங்க."

"அவசரம்னா கொல்லைல ஒரு பாத்ரூம் இருக்குக்கா" என்றது உள்ளேயிருந்து குரல், ஆவியும் சோப்பு வாசமும் கலந்து. "காலைலதான் தேய்ச்சுக் கழுவிவிட்டேன்."

பெரியம்மா கொல்லைப் பக்கம் பார்த்தாள். தகரக் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் தயங்குவதைப் பார்த்து, அன்றைக்கு முதல்முறையாக எழிலரசி சிரித்தாள்.

"போ பெரிம்மா" என்றாள். "உன் ஒடம்புக்கு ஒண்ணும் ஒட்டாது."