ஆறு வயதுத் தகப்பன்

வம்சம் தேடுவதற்கு ஒரே ஒரு விதிதான். இன்றிலிருந்து தொடங்கிப் பின்னால் போக வேண்டும். பழைய காலத்து ஆள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தால் யாருடைய வீட்டுக்கும் போய்ச் சேரலாம்.

கியூபெக்கின் சென்ட் லோரன்டில் மாத்திரைப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டும் தொழிற்சாலையில், மார்ட்டீன் ஹூபருக்கு எனக்குப் பக்கத்து மேசை. மன்னார்க் கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகளை வைத்தே என் குடும்பத்தை ஐந்து தலைமுறை பிடித்தவள் நான் என்று கேள்விப்பட்டு, தன் குடும்பத்தையும் என்னிடம் தந்துவிட்டாள்.

அவளுடைய அப்பா சாகும்வரை ஒரு கதை சொல்வாராம். சுவிஸிலிருந்து பென்சில்வேனியா போன யாக்கோப் ஹூபர், விடியுமுன் எழுந்து ஜெபிக்கும் 'அதிகாலைச் சபை'யில் சேர்ந்தவர், அவருடைய வாரிசுகள்தான் நாங்கள் என்று. மார்ட்டீனின் தம்பி லூக் அதை நம்பியதே இல்லை. ஜூனில் அந்தச் சபையின் வாரிசுகள் பென்சில்வேனியாவில் கூடுகிறார்கள். உறவை நிரூபித்த குடும்பங்களின் பெயர்களை வாசிப்பார்கள். விண்ணப்பம் வெள்ளிக்கிழமை முடிகிறது.

"அப்பாவின் பெயரை அங்கே ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், அஞ்சலீனா. லூக்கும் கேட்க வேண்டும்" என்றாள்.

ஏழு தலைமுறை சுகமாக ஏறினேன். கியூபெக்குக்கு வந்த காஸ்பர் ஹூபர் 1750இல் பிறந்தவர். அவருடைய தகப்பன் யாக்கோப், 1738இல் இருபது வயதில் கப்பலில் வந்த நெசவாளி. அதுவரை பிழையில்லை. பிறகு சபையின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தேன். 'யாக்கோப் ஹூபர், ஞானஸ்நானம் 1744.'

எங்கள் கத்தோலிக்கரில் குழந்தை பிறந்து சில மாதங்களுக்குள் ஞானஸ்நானம் நடந்துவிடும். அந்த வருடத்தைப் பிறந்த வருடமாக எடுத்துத்தான் என் ஐந்து தலைமுறையும் பிடித்தேன். 1744இல் பிறந்தவன் 1750இல் தகப்பனாக முடியாது. ஆகவே சபையின் யாக்கோப் வேறு ஆள்.

செவ்வாய்க்கிழமை அதைச் சொன்னேன். மார்ட்டீன் "மெர்சி" என்று நன்றி சொன்னாள். பிறகு மூன்று பெட்டிகளுக்கு லேபலைத் தலைகீழாக ஒட்டினாள்.

புதன் பின்னேரம் கோயில் மண்டபத்தில் ஒரு படிவம் நிரப்பினோம். அக்காவின் மகள் றொஷினியைக் கட்டப்போகும் சாரங்கன் திருகோணமலைச் சைவப் பெடியன். ஞானஸ்நானம் எடுக்கப்போகிறான். ஞானத்தாய் நான்தான்.

"பிறந்த திகதி எங்கை, அன்ரி?" என்றான்.

"அது மேலை. இது ஞானஸ்நானத் திகதி."

"முப்பத்திரண்டு வயசிலை எடுக்கிறன். நாளைக்கு என்ரை பேரப்பிள்ளையள் இந்தத் திகதியை மட்டும் பாத்தினம் எண்டா, தாத்தா இந்த வருசம்தான் பிறந்தவர் எண்டெல்லோ நினைப்பினம்!"

"உங்கடை சின்னப்பிள்ளை நடப்புக்கு அது சரியாத்தான் இருக்கும்" என்றாள் றொஷினி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேனையை வைத்துவிட்டேன்.

"என்ன சின்னம்மா?"

"நான் ஒரு வளந்த மனிசனைத் தொட்டிலிலை போட்டிட்டன், பிள்ளை."

பட்டியலில் வருடம் கிடைத்ததும் மூலப் பக்கத்தைத் திறக்காமல் விட்டிருந்தேன். வம்சம் தேடுகிறவர்கள் செய்யவே கூடாத வேலை அது. வியாழக்கிழமை மதிய இடைவேளையில் மார்ட்டீனின் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தோம். ஜெர்மன் வரிகளை மொழிபெயர்ப்புச் செயலி மெல்ல மெல்லப் பிரெஞ்சாக்கியது. 'யாக்கோப் ஹூபர், நெசவாளி, வயது இருபத்தாறு. தன் வாயாலேயே விசுவாசத்தை அறிக்கையிட்டு ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்.'

அந்தச் சபையில் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. வளர்ந்து, யோசித்து, தானாகக் கேட்டால்தான். 1738இல் இருபது, 1744இல் இருபத்தாறு. அதே நெசவாளி.

மார்ட்டீன் விரல் விட்டு இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு விண்ணப்பத்தை அனுப்பினாள். உடனே லூக்கை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, அந்தப் பக்கத்தை முழுவதும் வாசித்துக் காட்டினாள்.



"பென்சில்வேனியாவுக்கு எத்தனை மணித்தியால ஓட்டம்?" என்றான் லூக். "என்னுடைய காரிலேயே போகலாம்."