டிசம்பர் பெட்டி

பத்திரிகை அலுவலகத்தில் ஆண்டு மலரைத் தொகுப்பவள் அவள். தேர்தல், வெள்ளம், விளையாட்டு, விருது எல்லாம் மாதவாரியாக அடுக்கியாகிவிட்டது. ஒவ்வொரு மாதத்தின் முடிவிலும் அந்த மாதம் மறைந்த ஒரு பிரபலத்துக்குக் கறுப்புக் கோடு கட்டிய பெட்டி உண்டு. டிசம்பர் பெட்டி மட்டும் காலி. இருபதாம் தேதி மலர் அச்சுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு சாகிறவர்கள் எந்த வருடத்திலும் சேர மாட்டார்கள். அங்கே வழக்கம் அப்படி.

நாடே 'சுண்டெலி' என்று கூப்பிட்ட மேடைச் சிரிப்பு நடிகர் அவளுடைய அப்பா. நுரையீரல் கெட்டு வீட்டில் படுத்திருந்தார். டிசம்பர் முதல் வாரத்தைத் தாண்டாது என்று டாக்டர் கைவிரித்திருந்தார். பெட்டி தனக்குத்தான் என்று தெரிந்து, மூச்சு வாங்க வாங்க அவரே வாசகம் சொல்லி எழுத வைத்தார்.

"கொட்டகை தீப்பிடிச்சதை விட்றாத. சிரிக்க வச்சே எண்ணூறு பேரை வெளியே அனுப்பினேன். அன்னைக்கு முதல்ல ஓடினவன் யாரு?"

"கொக்கு மாமா."

"அதையும் போடு."

"இரங்கல்ல அதெல்லாம் போட மாட்டாங்கப்பா."

கொக்கு அவருடன் நாற்பது வருடம் ஜோடியாக நடித்தவர், ஒண்டிக்கட்டை. 

கடைசி வரியை மட்டும் அவளே சேர்த்தாள்: 'கடைசி மூச்சுவரை மகள் உடனிருந்து பார்த்துக்கொண்டார்.' அதை அப்பா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

டிசம்பர் முதல் வாரம் கழிந்தும் அவர் போகவில்லை. ஆசிரியர் தினமும் விசாரித்தார். முதலில் அக்கறையாக, போகப் போக, வராத பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி.

"அப்பா எப்படி?"

"தேவலை சார்."

"தேவலையா..." என்று இழுத்துவிட்டுப் போவார்.

இருபதாம் தேதி காலை, கல்லுக்குண்டு மாதிரி இருந்த கொக்கு குளியலறையில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தார். ஆசிரியர் முகத்தில் களை வந்தது.

"பேரை மாத்து, படத்தை மாத்து. ஜோடிதானே, யாருக்குத் தெரியப் போகுது?"

"சார், இது அப்பாவோடது."

"அப்பா உயிரோட இருக்காரில்ல? சந்தோஷப்படும்மா. பன்னெண்டு மணிக்குள்ள பக்கம் அச்சுக்குப் போகணும்."

ஜனவரியில் அவள் வேலையை நீட்டிப்பது அவர் கையில் இருந்தது. ஏழு நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தாள்.

மலரை அவள் வீட்டுக்கே கொண்டுவரவில்லை. ஆனால் ஊசி போட வந்த நர்ஸ், "ஐயா, உங்க ஜோடி வந்திருக்காரு பாருங்க" என்று வாங்கிவந்து நீட்டிவிட்டாள். சாயங்காலம் மகள் வீடு திரும்பியபோது அப்பாவின் விரல் பெட்டிமேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

"தீயில நின்னவன் அவனாம்." சிரிக்கப் போய் இருமினார். "போகட்டும்."

விரல் கடைசி வரியில் நின்றது. பெயர் மாற்றிய அவசரத்தில் அந்த வரியை அவள் கவனிக்கவேயில்லை.

"கொக்குக்கு ஏதும்மா பொண்ணு?"

அவர் மலரை மூடி அவளிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் அவர் உயிர் போனது. பக்கத்தில் நர்ஸ்தான் இருந்தாள். மகள் அலுவலகத்தில், அடுத்த மலரின் ஜனவரிப் பெட்டிக்குக் கறுப்புக் கோடு கட்டிக்கொண்டிருந்தாள்.